ஒன்றியத்துக்கு வாக்களித்தவன் ஒன்றிய அமைச்சருக்கு எழுதும் மடல்

ஸ்கொட்லாந்துக்கான பிரித்தானிய அமைச்சர் அவர்களுக்கு,
டோவர் ஹவுஸ், வைட்ஹோல், இலண்டன்.

மதிப்புக்குரிய அமைச்சருக்கு,

பெயர் குறிப்பிடாமல் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதிரையில் இருப்பவர் அடிக்கடி மாறுகிறார். யார் வந்து இருந்தாலும் நான் கேட்கப்போகும் கேள்விக்கு ஒரே பதில்தான் வருகிறது என்பதால் பெயர் அவ்வளவு முக்கியமும் இல்லை.

2014 செப்டெம்பர் 18ஆம் திகதி, "ஸ்கொட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?" என்ற கேள்விக்கு, இங்கிலாந்தோடு சேர்ந்த இந்த ஒன்றியமே தொடரட்டும் என்று "இல்லை" என்பதற்கு நேரே புள்ளடி போட்ட 20 இலட்சம் பேரில் நானும் ஒருவன். நாளைக்குக் கேட்டாலும் பெரும்பாலும் அங்கேயேதான் போடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் அலுவலகத்தில் யாராவது இந்த மடலையும் சுதந்திரக்காரரின் மனுக்களோடு சேர்த்துக் கட்டி அலுமாரியில் வைத்துவிடக்கூடும். இன்னொரு பொதுவாக்கெடுப்பை இப்போதே நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படியொன்று எப்போது நடக்கலாம், என்னென்ன நிபந்தனைகள் நிறைவேறினால் நடக்கும் என்பதைச் சட்டத்தில் எழுதிவையுங்கள் என்று கேட்கிறேன்.

ஆங்கிலப் பிரதி தனியாகத் தபாலில் வருகிறது. தமிழில் எழுதுவது எங்கள் ஆட்களுக்காக. 2014 வாக்கெடுப்பில் இங்கே சட்டப்படி குடியிருந்த கொமன்வெல்த் நாட்டவருக்கும் வாக்கு இருந்தது. இலங்கை, இந்திய, மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் வரிசையில் நின்றோம். எடின்பரோவில் பிறந்து இலண்டனில் வேலை பார்த்தவருக்கு வாக்கில்லை. கிளாஸ்கோவில் கடை வைத்திருந்த பருத்தித்துறைக்காரருக்கு இருந்தது. இது அநியாயம் என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். பிறப்பை விட்டுவிட்டுக் குடியிருப்பைப் பார்த்தது சரி என்பதுதான் என் கருத்து. அந்த மண்ணின் வரியையும் மழையையும் அனுபவிக்கிறவன்தானே தீர்மானிக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவன் எப்படி "இல்லை" போடலாம் என்று என்னைத் திட்டாத உறவினர் குறைவு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் உங்களுக்கும் பயன்படும். எங்கள் நாட்டில் 1983இல் வந்த ஆறாவது திருத்தம், தனிநாடு வேண்டும் என்று அமைதியாகச் சொல்வதையே குற்றமாக்கியது. அந்தச் சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் ஆசனங்களை இழந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும். ஸ்கொட்லாந்தின் 2014 பிரசாரத்தில், கர்க்கோடியில் ஓர் ஒன்றிய ஆதரவு எம்.பி.யின் சட்டையில் முட்டை எறிந்தது பல நாள் தலைப்புச் செய்தியாக இருந்தது. வாக்கெடுப்புக்கு மறுநாள் மாலை கிளாஸ்கோ ஜோர்ஜ் சதுக்கத்தில் கைகலப்பும் நடந்தது, மறைக்கவில்லை. அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது.

ஸ்கொட்லாந்து ஒரு குடியேற்ற நாடாக இருந்தது என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். மலையகத்தைப் பார்த்தவன் எவனும் ஏற்கமாட்டான். 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வியாபாரப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அந்தத் தேயிலையைப் பொட்டலம் கட்டி உலகெங்கும் விற்ற லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட் என்றொரு தோட்டம் இருக்கிறது, பூண்டுலோயாவில் டன்சினேன், நானுஓயாவில் எடின்பரோ. அந்தப் பெயர்களின் கீழ் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள். பேரரசில் ஸ்கொட்லாந்து பங்காளியாக இருந்தது, அதில் சம்பாதித்தது. ஹோலிரூட் என்றதும், அதே பெயரால் அழைக்கப்படும் எடின்பரோ நாடாளுமன்றத்துக்கு முந்தி அந்தத் தோட்டத்து லயன் வீடுகள் நினைவுக்கு வருகிற ஒருவன் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இந்த ஒன்றியத்தை யாரும் வாளால் கட்டவில்லை என்பதில் நமக்குள் சண்டை இல்லை. ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் இணைந்த 1707 ஒப்பந்தத்தைக் குறித்து இங்கே இரண்டு கதைகள் உண்டு. பனாமாவின் டேரியன் கரையில் குடியேற்றம் அமைக்கப் போய்ப் பணத்தையும் உயிர்களையும் தொலைத்த ஒரு நாட்டின் மேட்டுக்குடி, 3,98,085 பவுண் ஈடு வாங்கிக்கொண்டு தன் நாடாளுமன்றத்தை விற்றது என்பது ஒன்று. தன் சட்டத்தையும் நீதிமன்றங்களையும் திருச்சபையையும் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒரு பெரிய சந்தைக்குள் நுழைந்தது என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. 1707இல் பொதுமக்களை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. தெருக்களில் கலகம் செய்தார்கள், அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. மக்களை நேரே கேட்டது 2014இல்தான். 84.6 வீதம் பேர் வந்து வாக்களித்தார்கள், பதினாறு வயதுப் பிள்ளைகள் உட்பட. 55.3 வீதம் "இல்லை", 44.7 வீதம் "ஆம்". 307 ஆண்டுகள் கழித்து இந்த ஒன்றியத்துக்கு முதன்முதலாக மக்களின் கையெழுத்துக் கிடைத்தது. அதைப் பெற்றுக்கொடுத்தவர்களில் ஒருவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

அந்தக் கையெழுத்து என்னென்ன சொல்லி வாங்கப்பட்டது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால் பிரித்தானியாவோடு இருங்கள் என்றார்கள். இரண்டே ஆண்டில், 2016இல், ஸ்கொட்லாந்தில் 62 வீதத்தினர், 32 உள்ளூராட்சிப் பிரதேசங்களில் ஒன்று விடாமல், ஐரோப்பாவில் இருக்க வாக்களித்தும் வெளியே கொண்டுபோகப்பட்டார்கள். அதனால் மட்டும் நான் பக்கம் மாறிவிடவில்லை. சொல்லப்போனால், பிரெக்ஸிற்றுக்குப் பிறகு பிரிவது இன்னும் கடினம். ஸ்கொட்லாந்தின் ஏற்றுமதியில் ஏறத்தாழ 60 வீதம் போவது பிரித்தானியாவின் மற்றப் பகுதிகளுக்கு. எடின்பரோ ஐரோப்பாவுக்குள் திரும்பிப் போனால் இங்கிலாந்து எல்லையிலுள்ள கிரெட்னாவில் சுங்கச்சாவடி முளைக்கும். 2023–24 அரசாங்கக் கணக்கின்படி வரவுக்கும் செலவுக்கும் இடைவெளி ஸ்கொட்லாந்தின் மொத்த உற்பத்தியில் 10 வீதத்துக்கு மேல்; முழுப் பிரித்தானியாவின் இடைவெளி அதில் பாதி கூட இல்லை. தனிக்குடித்தனம் போன முதல் நாளே இந்தக் கணக்கு மாறிவிடும் என்கிறவர்கள் எனக்கு இன்னும் விளங்கப்படுத்தவில்லை.

ஆனால் என் கருத்து ஒரு வாக்கு. நீங்கள் வைத்திருப்பது சாவி.

உங்களுக்கு முன்னிருந்தவர்கள் சொன்னதையெல்லாம் திரட்டிப் பார்த்தேன். 2017 மார்ச்சில் பிரதமர் தெரேசா மே "இப்போது நேரமில்லை" என்றார். 2020 ஜனவரியில் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் எழுத்தில் மறுத்தார். அதற்குப் பிறகு வந்தவர்களும், பிறகு ஆட்சியைப் பிடித்த மற்றக் கட்சிக்காரரும், அதே வழிதான். எல்லோரும் ஒரு வசனத்தைக் கைவசம் வைத்திருக்கிறீர்கள்: ஒரு தலைமுறைக்கு ஒருமுறை என்று சுதந்திரக்காரரின் தலைவர், அன்றைய ஸ்கொட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சல்மண்டே சொன்னாரே! சொன்னார். பிரசாரக் காலத்தில் எல்லாத் தலைவர்களும் சொல்கிற மாதிரி, கடையை மூடப்போகிறோம், இப்போதே வாங்குங்கள் என்ற தொனியில் சொன்னார். அவரும் 2024இல் காலமாகிவிட்டார். இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்திட்ட 2012 ஒக்டோபர் எடின்பரோ உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். தலைமுறை என்ற பேச்சே அதில் கிடையாது. முடிவை இரு தரப்பும் மதிக்கும் என்று மட்டும் இருக்கிறது. வாக்கெடுப்பு முடிந்து பத்தாவது வாரத்தில் வந்த, ஸ்கொட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரம் பகிர்வதை ஆராய்ந்த ஸ்மித் ஆணைக்குழுவின் அறிக்கையில் உங்கள் கட்சிகள் உட்பட ஐந்து கட்சிகள் ஒப்புக்கொண்டது இது: ஸ்கொட்லாந்து மக்கள் விரும்பினால் எதிர்காலத்தில் சுதந்திர நாடாவதை இந்த அறிக்கையில் உள்ள எதுவும் தடுக்காது. 2018 ஜூலையில் வெஸ்ட்மின்ஸ்ரர் நாடாளுமன்றமே, தமக்கு ஏற்ற ஆட்சிமுறையைத் தீர்மானிக்கும் உரிமை ஸ்கொட்லாந்து மக்களுடையது என்ற பிரேரணையை வாக்கெடுப்பின்றி ஏற்றுக்கொண்டது. ஒரு தேசம் என்ற வகையில் அவர்களுக்கு அந்த உரிமை உண்டென்று மார்கரெட் தட்சர்கூட எழுதியிருக்கிறார். ஸ்கொட்லாந்தில் தட்சரை மேற்கோள் காட்டி யாரையும் இணங்க வைத்ததாகச் சரித்திரம் இல்லை. நீங்கள் இலண்டனில் இருப்பதால் துணிகிறேன்.

உரிமை உண்டு என்கிறீர்கள். அதைப் பயன்படுத்தும் வழி எது என்றால் பதில் இல்லை. 1998 ஸ்கொட்லாந்துச் சட்டத்தின் 30ஆம் பிரிவின் கீழ் நீங்கள் அதிகாரம் தந்தால்தான் நடத்தலாம். எப்போது தருவீர்கள் என்பது உங்கள் விருப்பம். 2013இல் தந்த அதிகாரத்துக்கும் 2014 டிசெம்பர் 31 என்று காலாவதித் திகதி போட்டுத்தான் தந்தீர்கள்.

2022 நவம்பர் 23இல் வழக்கைக் கேட்ட உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாகத் தீர்த்துவிட்டார்களே என்பீர்கள். தலைமை நீதிபதி லோர்ட் ரீட் எடின்பரோக்காரர்; தீர்ப்பில் சட்டப்படி பிழை கண்டுபிடிக்க நான் ஆளில்லை. ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் தானாக வாக்கெடுப்பு நடத்த அதிகாரமில்லை என்று தீர்த்தார்கள். சுயநிர்ணய வாதத்தைத் தள்ளுவதற்குக் கியூபெக் மாகாணம் பிரிந்துபோவதைப் பற்றிய கனடிய உச்ச நீதிமன்றத்தின் 1998 தீர்ப்பைத் துணைக்கு எடுத்தார்கள்: அந்த உரிமையின் பேரில் பிரிந்துபோவது குடியேற்ற நாடுகளுக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியது, கியூபெக்குக்கு அல்ல. சரி. அந்தக் கியூபெக் தீர்ப்புக்கு மறுபாதியும் உண்டு. தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை "ஆம்" என்றால் கனடாவின் மற்றத் தரப்புகள் பேச்சுக்கு வந்தே ஆகவேண்டும் என்பது அந்தப் பாதி. இரண்டாயிரமாம் ஆண்டில் அதையொட்டிக் கனடா சட்டமும் இயற்றியது. அது அப்பழுக்கற்ற சட்டம் அல்ல. "தெளிவான பெரும்பான்மை" எத்தனை வீதம் என்று எழுதாமல் நழுவியது. ஆனாலும் ஒட்டாவா தன் கையையும் கட்டிக்கொண்டது. உங்கள் அரசாங்கம் கியூபெக் தீர்ப்பின் முதல் பாதியை வாங்கிக்கொண்டு மற்றதைத் தட்டிலேயே விட்டுவிட்டது.

கனடா எதற்கு, உங்கள் வீட்டுக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. 1998 வட அயர்லாந்துச் சட்டத்தின் முதலாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஐக்கிய இராச்சியத்தை விட்டு அயர்லாந்தோடு சேரப் பெரும்பான்மையினர் வாக்களிக்கக்கூடும் என்று அமைச்சருக்குத் தோன்றினால், அவர் வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும். ஒன்று நடந்தால் ஏழு ஆண்டுக்கு இன்னொன்று கூடாது. சில வரிகள்தான். "தோன்றினால்" என்பதை எதை வைத்து அளப்பது என்று அங்கேயும் சொல்லவில்லை, அது பெரிய குறை. ஆனால் பெல்ஃபாஸ்டில் இருக்கும் தேசியவாதிக்குத் தன் வழி எந்தப் பக்கம் என்று தெரியும். அந்த வரிகளை எழுதவைக்க மூன்று பதின்ம ஆண்டு ஆயுத மோதலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களும் தேவைப்பட்டன. முட்டைக்கு மேல் எதையும் எறியாத ஸ்கொட்லாந்துக்காரனுக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. இதிலிருந்து ஓர் இளைஞன் என்ன பாடம் எடுப்பான் என்று உங்கள் அமைச்சரவையில் யாராவது எப்போதாவது யோசித்ததுண்டா? யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு இது வெறும் தர்க்கக் கேள்வி இல்லை.

இன்னொரு வேடிக்கையும் சொல்லவேண்டும். 2016 ஸ்கொட்லாந்துச் சட்டம், எடின்பரோ நாடாளுமன்றத்தை ஒரேயடியாக ஒழிக்கவேண்டுமானால் ஸ்கொட்லாந்து மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்தி அவர்கள் சம்மதித்தால்தான் முடியும் என்கிறது. ஆக, இருக்கிற சுயாட்சியைக் கைவிட அந்த மக்களைக் கேட்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. கூட்டிக்கொள்ளத்தான் இல்லை.

வழியை எழுதிவைத்தால் அதுவே பிரிவினைக்கு அழைப்பாகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குக் கரிபியனில் நெவிஸ் தீவைக் காட்டுவேன். செயின்ற் கிற்ஸ் - நெவிஸ் அரசியலமைப்பிலேயே நெவிஸ் பிரிந்துபோகும் வழி எழுதப்பட்டிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1998இல் கேட்டார்கள். 61.8 வீதம் "போகலாம்" என்றது; போதவில்லை. இன்றும் இரண்டு தீவும் ஒரே நாடுதான். மறுபுறம் மொன்டனீக்ரோ. சேர்பியாவோடு சேர்ந்திருந்த ஒன்றியச் சாசனத்தில் மூன்று ஆண்டுக்குப் பிறகு கேட்கலாம் என்று இருந்தது. 2006இல் கேட்டார்கள், 55 வீதம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது, 55.5 வந்தது, போய்விட்டார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. யூகோஸ்லாவியாவின் மற்றப் பகுதிகள் பிரிந்த விதத்தை எண்ணிப் பார்த்தால் அது சின்ன விஷயமில்லை.

என்றாலும் 55, 66 என்று உயர்த்திக் கட்டும் வேலையை ஸ்கொட்லாந்தில் செய்யவேண்டாம். ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. 1979 மார்ச் முதலாம் திகதி, சுயாட்சிச் சபை வேண்டுமா என்று கேட்டபோது 51.6 வீதம் "ஆம்" என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர் பட்டியலில் 40 வீதம் "ஆம்" சொல்லவேண்டும் என்று இடையிலே ஒரு திருத்தத்தைச் செருகியிருந்தார்கள். பட்டியலில் வாக்களிக்க வராதவர்களும் இருந்தார்கள். அவர்களெல்லாம் "இல்லை" சொன்னதாகக் கணக்கு. 32.9 வீதத்தோடு தோற்றது. அந்த மாத முடிவிலேயே பிரதமர் கலகனின் அரசாங்கம் ஒரே ஒரு வாக்கால் கவிழ்ந்தது, தட்சர் வந்தார். ஸ்கொட்லாந்து பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கசப்பைச் சுமந்து, 1997இல் 74.3 வீதத்தோடு அதே கேள்விக்குத் திரும்பி வந்தது. வென்றும் தோற்கடிக்கப்பட்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஐம்பதுக்கு மேல் ஒரு வாக்கு என்றாலும் அது வெற்றிதான் என்று வையுங்கள். மற்ற நிபந்தனைகளில் இறுக்கமாக இருங்கள்.

எவ்வளவு இறுக்கம் என்றால், என் யோசனை இதுதான். ஹோலிரூட் தேர்தலில், வாக்கெடுப்பு நடத்துவோம் என்று விஞ்ஞாபனத்தில் பச்சையாக எழுதிய கட்சிகள் 129 ஆசனங்களில் பெரும்பான்மை பெறவேண்டும். பிறகு அந்தச் சபை அதைத் தீர்மானமாக நிறைவேற்றவேண்டும். 2021இல் சுதந்திரம் கேட்கும் ஸ்கொட்லாந்துத் தேசியக் கட்சிக்கு 64, பசுமைக் கட்சிக்கு 8, கூட்டினால் 72 வந்தது என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். கடைசி வாக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வேண்டும். வட அயர்லாந்தின் ஏழு ஆண்டு எனக்குக் குறைவாகப் படுகிறது, ஊர் களைத்துப்போகும். பதினைந்து என்றால் ஒப்புக்கொள்வேன். 2014இல் ஐந்து வயதாக இருந்த பிள்ளை ஹோலிரூட் தேர்தலில் வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டது. பதினைந்துக்கு மேல் இழுப்பது அந்தப் பிள்ளையின் வாயை அடைப்பது.

மறுதரப்பையும் சும்மா விடக்கூடாது. 2014 பெப்ரவரியில் பிரித்தானிய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் எடின்பரோவுக்கு வந்து, பிரிந்தால் பவுண் நாணயத்தைப் பகிரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். சல்மண்ட், வெருட்டுகிறார், பிறகு பகிர்வார் என்றார். வாக்கெடுப்பு நாள் வரைக்கும் எந்தக் காசில் பாண் வாங்கப்போகிறோம் என்று யாருக்கும் தெரியாது. முன்கூட்டிப் பேசமாட்டோம் என்று உங்கள் அரசாங்கம் பிடிவாதமாக நின்றதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த முறை இது கூடாது. நாணயம், கடனில் பங்கு, எல்லை, ஓய்வூதியம் ஆகிய நான்கிலும் இரு அரசாங்கங்களும் எதில் உடன்படுகின்றன, எதில் இல்லை என்பதைச் சேர்ந்து எழுதி வாக்கெடுப்புக்கு ஆறு மாதம் முன்னதாக வெளியிடவேண்டும் என்று அதே சட்டத்தில் போடுங்கள். சுதந்திரக்காரருக்கு இது பிடிக்காது. என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

மறுத்துக்கொண்டே இருப்பதுதான் ஒன்றியத்துக்குப் பாதுகாப்பு என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. இங்கே இருந்து பார்த்தால் நேர்மாறாகத் தெரிகிறது. 2014இல் தோற்ற தேசியக் கட்சியின் அங்கத்தவர் தொகை, தோற்று ஆறே மாதத்தில் இருபத்தைந்தாயிரத்திலிருந்து ஒரு இலட்சத்தைத் தாண்டியது. 2015 பொதுத்தேர்தலில் 59 ஆசனங்களில் 56ஐ அள்ளினார்கள். அதே கட்சி 2024இல் 57க்கு ஒன்பதாகச் சுருங்கியது என்று உங்கள் ஆட்கள் கொண்டாடினார்கள். சுதந்திரத்துக்கான ஆதரவு அதோடு சேர்ந்து சுருங்கவில்லையே என்பதைக் கவனித்தீர்களா? கருத்துக்கணிப்புகளில் நாடு இன்னமும் ஏறக்குறைய நடுவே பிளந்துதான் நிற்கிறது.

நடுவில் நட்டப்படுவது யார் என்று சொல்கிறேன். 2007 தொடக்கம் எடின்பரோவை ஆண்ட கட்சி, 2015இல் ஒப்பந்தம் போட்ட ஒரு கப்பலை 2025 ஜனவரியில்தான் ஆரன் தீவுக்கு ஓடவிட்டது. போதைப்பொருளால் 2023இல் மட்டும் 1,172 பேர் இறந்தார்கள். சாதாரண நாட்டில் இவை ஓர் அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போதும். இங்கே பாதிப்பேர் அந்தக் கட்சிக்கு வாக்களிப்பது கப்பலுக்காக அல்ல, நீங்கள் "இல்லை" என்று சொல்வதற்காக. மறுபாதிப்பேர் அதை எதிர்த்து வாக்களிப்பதும் வைத்தியசாலைக்காக அல்ல, வாக்கெடுப்பு வந்துவிடுமோ என்ற பயத்துக்காக. ஒன்றியக் கட்சிகளின் துண்டுப்பிரசுரங்களை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் வாக்கெடுப்பு, பாடசாலை பின்பக்கத்தில். விதி எழுதப்பட்டிருந்தால், இந்தத் தேர்தலில் அது வருமா வராதா என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும். வராத தேர்தல்களில் கப்பலைப் பற்றிக் கேட்கலாம்.

கலியாணம், மணமுறிவு என்ற உவமையை இரு தரப்பும் போதியளவு சொல்லிவிட்டதால் நான் தொடவில்லை.

உங்களிடம் வேண்டுவது இதுதான். வட அயர்லாந்தின் அந்த அட்டவணைக்கு நிகராக 1998 ஸ்கொட்லாந்துச் சட்டத்தில் என்ன எழுதலாம் என்று ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிடுங்கள். எந்த நிபந்தனையும் ஏற்கத்தக்கதல்ல என்பது உங்கள் நிலைப்பாடானால் அதையே எழுத்தில் தாருங்கள். அடுத்த முறை ஒன்றியத்துக்காக வீடு வீடாகப் போகும்போது கேட்கிறவர்களுக்குக் காட்ட எனக்கு அது தேவைப்படும். முகவரி ஆங்கிலப் பிரதியில் இருக்கிறது.

இப்படிக்கு,
கிளாஸ்கோ வாக்காளன் ஒருவன்